72 ஹோம் ரன்னா, 0.477 சராசரியா? எந்த மைனர் லீக் சீசனை எடுப்பது

பேஸ்பால் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. புள்ளியியல் படிக்கும் மாணவி ஒருவர், ஆய்வுப் பணிக்கு ஏதாவது ஒரு பழைய மைனர் லீக் (உச்சியில் உள்ள மேஜர் லீக்குக்குக் கீழே நடக்கும் தொழில்முறை லீக்) சீசனை எடுக்க நினைக்கிறார். எது என்று முடிவாகவில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர், "மைனர் லீக் வரலாற்றிலேயே பெரிய ஆட்டம் யாருடையது" என்று அலுவலகத்தில் நடந்த வாக்குவாதத்தில் தோற்றுவிட்டு என்னிடம் நியாயம் கேட்கிறார். கிரிக்கெட்டிலிருந்து மெல்ல இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் மூன்றாமவருக்கு, உட்கார்ந்து படிக்க ஒரு நல்ல கதை வேண்டும்.

மூவருமே கடைசியில் வந்து நிற்பது நான்கு பெயர்களில். 1946இல் மான்ட்ரியால் ராயல்ஸ் குழுவின் ஜாக்கி ராபின்சன், 1951இல் மினியாபொலிஸ் மில்லர்ஸின் வில்லி மேஸ், 1954இல் ராஸ்வெல் ராக்கெட்ஸின் ஜோ பாமன், 1956இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டீவ் பில்கோ. இந்த நான்கில் ஒன்றை எடுக்க வேண்டும் என்றால் எதை எடுப்பது?

முதலில் அளவுகோல்கள்

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்தவர் பேஸ்களைச் சுற்றிவந்து, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். பந்தை அடித்துப் பத்திரமாக ஒரு பேஸை எட்டினால் ஹிட்; பந்து வேலிக்கு வெளியே போனால் ஹோம் ரன். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ரன் கணக்கு அல்ல. அடிக்க நின்ற வாய்ப்புகளில் எத்தனை ஹிட் ஆயிற்று என்ற விகிதம். பத்துக்கு மூன்று அடித்தால், அதாவது 0.300 வந்தால், நல்ல ஆட்டக்காரர். 0.400 என்பதைக் கண்ணால் பார்க்காமலே தொழிலை முடித்துக்கொண்டவர்கள்தான் ஏராளம்.

என் முதல் அளவுகோல், எந்தப் படி என்பது. மைனர் லீக் என்பது ஒரே கூடாரம் அல்ல. 1946 முதல் உச்சியில் ட்ரிபிள் ஏ, அதன் கீழே டபுள் ஏ, ஏ, பி, சி, டி என்று படிகள் இருந்தன (இடையில் சில ஆண்டுகள் ட்ரிபிள் ஏ-வுக்கும் மேலே "ஓப்பன்" என்று ஒன்று; அது பில்கோ கதையில் வரும்). சி படியில் பந்து வீசுபவருக்கும் ட்ரிபிள் ஏ-யில் வீசுபவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டாவது மைதானம். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டின் தூரம் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேஸ்பாலில் அதுவே பாதிக் கதை. மூன்றாவது, எத்தனை ஆட்டங்கள் என்பது. நான்காவது, பிற்பாடு மேஜர் லீக் என்ன சாட்சி சொன்னது என்பது. ஐந்தாவதை எந்தப் பட்டியலிலும் எண்ணாக எழுத முடியாது: அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு ஆடினார்?

| | ராபின்சன் 1946 | மேஸ் 1951 | பாமன் 1954 | பில்கோ 1956 |
|---|---|---|---|---|
| படி | ட்ரிபிள் ஏ | ட்ரிபிள் ஏ | சி | ஓப்பன் |
| ஆட்டங்கள் | 124 | 35 | 138 | 162 |
| சராசரி | 0.349 | 0.477 | 0.400 | 0.360 |
| ஹோம் ரன் | 3 | 8 | 72 | 55 |
| அடித்துக் கொண்டுவந்த ரன் | 66 | 30 | 224 | 164 |
| அப்போது வயது | 27 | 20 | 32 | 27 |

அட்டவணையை மட்டும் பார்ப்பவர் பாமன் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். கொஞ்சம் உட்காருங்கள்.

ஜோ பாமன், ராஸ்வெல்

நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் என்றால் இன்று எல்லோருக்கும் பறக்கும் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஊர்க் குழுவின் பெயரும் பொருத்தமாக ராக்கெட்ஸ். லாங்ஹார்ன் லீக் என்ற சி படி லீக்கில் ஆடிய குழு. பாமன் ஆறடிக்கு மேல் நல்ல உயரம், இடக்கை ஆட்டக்காரர், முதல் பேஸில் நிற்பவர். மட்டையோடு ஒரு பெட்ரோல் நிலையத்தையும் நடத்தியவர்.

அந்த 0.400ஐக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 498 வாய்ப்பில் 199 ஹிட். வகுத்தால் 0.3996. ஒரே ஒரு ஹிட் குறைந்திருந்தால் 0.398 என்று எழுதியிருப்பார்கள்; இவ்வளவு பேச்சும் இருந்திருக்காது. ஆனால் ஹோம் ரன் கணக்கில் எந்தச் சில்லறை வேலையும் இல்லை. அடித்த மூன்று ஹிட்டில் ஒன்றுக்கும் அதிகமாக வேலிக்கு வெளியே போய் விழுந்திருக்கிறது. பந்து வீசும் பிட்சர்கள் இவரிடம் வம்பே வேண்டாம் என்று 150 முறை வாக் கொடுத்து (அடிக்க முடியாதபடி வீசி, சும்மாவே முதல் பேஸுக்கு; இது வாய்ப்புக் கணக்கில் சேராது) அனுப்பியும் இந்தக் கணக்கு.

அதுவரை இருந்த சாதனை 69. 1933இல் ஜோ ஹவுசரும் 1948இல் பாப் க்ரூஸும் எட்டிய எண் அது. சீசனின் கடைசி நாள், செப்டம்பர் 5, ஆர்ட்டீசியா ஊரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். பாமன் கையில் 69. கூடுதலாக ஒரு வாய்ப்பாவது கிடைக்கட்டும் என்று அவரை முதல் ஆளாக இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் அவர் 50, 53 என்று அடித்துக் குவித்தது இதே ஆர்ட்டீசியா குழுவுக்காகத்தான். பழைய ஊரிலேயே போய்ச் சாதனையை முடித்துவிட்டு வந்தார்.

ஹோம் ரன் அடித்துவிட்டுத் திரும்பும்போது, பார்வையாளர் பக்கத்துக் கம்பி வலைக்குள் டாலர் நோட்டுகள் செருகப்பட்டிருக்கும். பாமன் வலையோரமாகவே நடந்து ஒவ்வொன்றாக உருவிக்கொள்வார். கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் சட்டையில் ஊரார் நோட்டுக் குத்துவார்களே, ஏறக்குறைய அதுதான். போதாக்குறைக்கு ஹோம் ரன்னுக்குப் பரிசாக ஹாம் (பன்றித் தொடை இறைச்சி) வேறு.

இனி, இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் செலவு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், காற்று லேசானது, பந்து தூரம் போகும். எதிரே வீசியவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள். பாமனும் மிதிக்கவில்லை. அதற்குத் திறமைக் குறைவு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மேஜர் லீக் குழுவான பிரேவ்ஸின் நிறுவனம் கொடுக்க முன்வந்த சம்பளம் கட்டுப்படியாகாமல், ஒக்லஹோமாவின் எல்க் சிட்டியில் மூன்று ஆண்டுகள் லீக் அமைப்புக்கே வெளியில் ஆடியவர். மேல் படியில் என்ன செய்திருப்பார் என்பதற்கு விடை கிடையாது. ஆய்வுக்கு எடுப்பவர் இந்தக் கேள்வியைத் தாண்டவே முடியாது. நூறு பக்கம் எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

யாருக்கு இது சரி? சூழல் ஓர் எண்ணை எவ்வளவு ஊத வைக்கும் என்று காட்ட விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சின்ன ஊர் பேஸ்பாலின் மணம் வேண்டும் என்பவருக்கும் இதுவே. 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 அடிக்கும் வரை, தொழில்முறை பேஸ்பாலில் எந்தப் படியிலும் இதைத் தாண்டியவர் இல்லை. 32 வயதில் உச்சம் தொட்டவர், மறு ஆண்டு 46 அடித்தார். அதற்கடுத்த ஆண்டோடு விலகிவிட்டார்.

வில்லி மேஸ், மினியாபொலிஸ்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் மேஸே சீக்கிரம் முடித்துவிட்டார். 35 ஆட்டம், 149 வாய்ப்பு, 71 ஹிட். மே மாத இறுதியில் மேஜர் லீக் குழுவான நியூயார்க் ஜெயன்ட்ஸ் அவரை மேலே இழுத்துக்கொண்டது. அழைப்பு வந்தபோது பையன் அயோவா மாநிலத்தில் ஒரு சினிமா அரங்கில் உட்கார்ந்திருந்தான். மேஜர் லீக் பந்தை என்னால் அடிக்க முடியாது என்று தயங்கியவனிடம், அங்கே உன் சராசரி என்ன என்று ஜெயன்ட்ஸ் மேலாளர் லியோ டுரோச்சர் கேட்டாராம். மினியாபொலிஸ் ரசிகர்களின் கோபம் தணிய, ஜெயன்ட்ஸ் உரிமையாளர் அந்த ஊர்ப் பத்திரிகையில் மன்னிப்பு விளம்பரமே கொடுக்க நேர்ந்தது.

0.477 மயக்கும் எண். மாணவிக்கு நான் சொன்ன எச்சரிக்கை இது: 149 வாய்ப்பு என்பது சின்ன மாதிரி. வழக்கமான பிழைக் கணக்கைப் போட்டால், உண்மையான திறன் 0.40 முதல் 0.56 வரை எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். இன்னொரு வேடிக்கை. நியூயார்க் போனதும் முதல் 26 வாய்ப்பில் மேஸ் அடித்தது ஒரே ஒரு ஹிட், வாரன் ஸ்பான் என்ற பிட்சரின் பந்தில் ஒரு ஹோம் ரன். அந்த 26ஐயும் மினியாபொலிஸ் கணக்கோடு கூட்டிப் பாருங்கள்: 175க்கு 72, அதாவது 0.411. பந்துவீச்சின் தரம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் 26 வாய்ப்பு ஒரு சராசரியை எப்படிச் சாய்த்துவிடுகிறது என்பதற்கு இதுவே போதும்.

மேஜர் லீக்கின் சாட்சி என்ற அளவுகோலில் இவருக்கு நிகர் இல்லை. அதே ஆண்டு சிறந்த புதுமுகம், பின்பு 660 ஹோம் ரன். ஆனால் அதெல்லாம் மேஸின் கதை. மினியாபொலிஸ் சீசனின் கதை அல்ல. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடிக்க இதை எடுக்கலாம். அதற்கு மேல் இதில் சதை இல்லை.

ஜாக்கி ராபின்சன், மான்ட்ரியால்

மூன்று ஹோம் ரன். இந்தப் பட்டியலில் இவர் பெயர் ஏன் இருக்கிறது என்று அந்த அலுவலக வாக்குவாதத்தில் ஒருவர் கேட்டாராம்.

1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியம். இருபதாம் நூற்றாண்டில் இன்டர்நேஷனல் லீக்கில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் ஆடும் முதல் ஆட்டம். முதல் வாய்ப்பில் ராபின்சன் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே தடுப்பவர்) பக்கம் தரையோடு தட்டி அவுட் ஆனார். மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் இருக்க, இடப்பக்க வேலிக்கு மேலே ஒரு ஹோம் ரன். சுற்றி வந்தபோது, அடுத்து ஆட வேண்டிய வெள்ளையரான ஜார்ஜ் ஷூபா ஹோம் பிளேட்டில் கை நீட்டிக் காத்திருந்தார். அந்தக் கைகுலுக்கலின் புகைப்படம் இன்றும் சுற்றி வருகிறது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த வாய்ப்பு. பந்தை மெல்லத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓட்டம். பிட்சர் கண்ணெடுக்கும் நேரத்தில் இரண்டாவது பேஸ் திருட்டு, அதாவது யாரும் அடிக்காமலே ஓடிப் பிடிப்பது. அங்கிருந்து மூன்றாவது. பிறகு ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்வது போல ஒரு பாவனை, நிற்பது, மறுபடி பாவனை. பிட்சர் தடுமாறி விதி மீறினார். நடுவர் பால்க் (பேஸில் நிற்பவரை ஒரு பேஸ் முன்னே அனுப்பும் தண்டனை) கொடுத்தார். ராபின்சன் நடந்தே வந்து ரன்னை வாங்கிக்கொண்டார். பின்பு அதே ஆட்டத்தில் இன்னொரு முறையும் இப்படிப் பிட்சரைத் திணறடித்து ரன் எடுத்தார். ஐந்து வாய்ப்பில் நான்கு ஹிட், நான்கு ரன், இரண்டு பேஸ் திருட்டு. ராயல்ஸ் 14-1 என்று வென்றது. ஹோம் ரன் எண்ணிக்கை ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்கு இந்த ஒரு பிற்பகல் போதும்.

சீசன் முழுவதையும் எடுத்தால் 444 வாய்ப்பில் 155 ஹிட், 0.349, லீக்கிலேயே முதல் சராசரி. 113 ரன், 40 பேஸ் திருட்டு. 92 வாக் வாங்கியவர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனது 27 முறைதான். ஹிட்டையும் வாக்கையும் சேர்த்தால் ஏறக்குறைய 46 விழுக்காடு முறை பேஸில் நின்றிருக்கிறார். தடுப்பிலும் இரண்டாவது பேஸ்காரர்களில் அவரே முதலிடம், இத்தனைக்கும் அது அவருக்குப் புது இடம். முந்தைய ஆண்டு கறுப்பின ஆட்டக்காரர்களின் குழுவான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர்.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. இவரைச் சூழ்ந்திருந்தது மிக வலுவான குழு: 100 வெற்றி, 54 தோல்வி. அதே குழுவின் மார்வ் ராக்லி 65 பேஸ் திருடினார். முன்னால் பேஸில் ஆள் இருக்கும் குழுவில் எவருக்கும் எண்கள் கொஞ்சம் சுலபமாக ஏறும். லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அந்த ஆண்டு இவருக்குப் போகவில்லை. பால்டிமோரின் எடி ராபின்சனுக்குப் போனது. அவர் 34 ஹோம் ரன் அடித்தவர், வெள்ளையர். விருது தப்பு என்று நான் வாதாடப் போவதில்லை. தராசுத் தட்டில் எதை வைத்தார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஐந்தாவது அளவுகோலுக்கு வருவோம். ஃபுளோரிடாவில் நடந்த பயிற்சிக் காலத்தில், இவர் ஆடக்கூடாது என்பதற்காகவே ஜாக்சன்வில்லில் மைதானத்தைப் பூட்டினார்கள். சிராக்யூஸில் எதிரணியினர் ஒரு கறுப்புப் பூனையை மைதானத்துக்குள் விட்டுக் கேலி செய்தார்கள். சீசன் முடியும் தறுவாயில் தூக்கமும் பசியும் போய், ஓய்வெடுக்கச் சொன்னார் மருத்துவர். இரண்டு மைனர் லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் ஜூனியர் உலகத் தொடரின் முதல் மூன்று ஆட்டங்கள் எதிரணியின் ஊரான லூயிவில்லில். கூட்டம் முழுக்க ஏச்சு. மூன்று ஆட்டத்தில் அவரால் ஒரே ஒரு ஹிட்தான் அடிக்க முடிந்தது. பிறகு தொடர் மான்ட்ரியாலுக்கு வந்தது. அங்கே ரசிகர்கள் லூயிவில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் ஊளையிட்டு வரவேற்றார்கள். நான்காவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் ராபின்சனின் ஹிட்தான் வெற்றி ரன்னைக் கொண்டுவந்தது. ராயல்ஸ் மூன்று ஆட்டங்களையும் வரிசையாக வென்று கோப்பையை எடுத்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டியவரை ரசிகர்கள் தூக்கிச் சுமந்து, விட்டபின் தெருவில் துரத்திக்கொண்டே ஓடினார்கள், அன்பு தாங்காமல்.

நல்ல கதை வேண்டும் என்ற வாசகருக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆனால் புள்ளியியல் மாணவிக்கு நான் கொஞ்சம் தயங்குவேன். இந்த சீசனை எடுத்தால் நடுவிலேயே எண்களை விட்டுவிட்டு வரலாற்றுக்குள் போய்விடுவார். திரும்பி வர மனம் வராது.

ஸ்டீவ் பில்கோ, லாஸ் ஏஞ்சலஸ்

1956இல் மேற்குக் கடற்கரையில் மேஜர் லீக் குழுவே கிடையாது. பசிபிக் கோஸ்ட் லீக்தான் அங்கே எல்லாம். 1952 முதல் 1957 வரை அதற்கு "ஓப்பன்" என்று தனிப் படியே கொடுத்திருந்தார்கள்: ட்ரிபிள் ஏ-வுக்கு மேல், மேஜருக்குக் கீழ். அந்த ஆண்டு ஏஞ்சல்ஸ் 107 வென்று 61 தோற்றது. அதன் மேஜர் லீக் தாய்க் குழுவான சிகாகோ கப்ஸ் 60 வென்று 94 தோற்று நேஷனல் லீக்கில் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) கடைசி. எது தாய், எது பிள்ளை என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் குழுவின் நடுநாயகம் பில்கோ. பெரிய உடம்பு, 597 வாய்ப்பில் 215 ஹிட், 55 ஹோம் ரன், 163 ரன். சராசரி, ஹோம் ரன், அடித்துக் கொண்டுவந்த ரன் மூன்றிலும் லீக்கில் முதலிடம். 1955இல் 37, 1957இல் 56 ஹோம் ரன். மூன்று ஆண்டும் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. இரண்டாவது பேஸில் ஜீன் மாக் 0.348 அடித்தார். பந்துவீச்சில் டேவ் ஹில்மன் 21 வெற்றி. குழுவாக எடுத்துப் படித்தாலும் சலிக்காது.

செலவு? மைதானம்தான். லாஸ் ஏஞ்சலஸின் ரிக்லி ஃபீல்டில் ஓரக் கோட்டில் வேலி ஏறக்குறைய 340 அடி; இது நியாயமான தூரம். ஆனால் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில், சாதாரண மைதானங்களில் வேலி நன்றாகப் பின்னால் விலகும். இங்கே 345 அடியிலேயே நின்றுவிட்டது. பலசாலிகள் பந்தை அனுப்புவது அந்த இடத்துக்குத்தான். 1961இல் அதே மைதானத்தில் மேஜர் லீக் ஆடியபோது ஒரே சீசனில் 248 ஹோம் ரன் விழுந்தது. அந்நாளில் அது சாதனை. ஆகவே 55ஐ அப்படியே எடுக்காதீர்கள். மேஜர் லீக்கின் சாட்சியும் சுமார்தான்: மொத்தம் 76 ஹோம் ரன், 0.249. 1953இல் கார்டினல்ஸுக்காக 21 அடித்த ஆண்டில் 125 முறை ஸ்ட்ரைக் அவுட்.

இவ்வளவு சொல்லியும் என் வாக்கு இவருக்குத்தான், அதாவது மைனர் லீக் சீசன் என்று பார்த்தால். மேஸுக்கும் ராபின்சனுக்கும் அது போகிற வழியில் ஒரு சத்திரம். பாமனுக்கு அது எல்லையோர ஊர். பில்கோவுக்கு அது தலைநகரம்; வலுவான படி, முழு சீசன், வெல்லும் குழு, மூன்று ஆண்டும் தளராத ஆட்டம். மைதானத்துக்காக 55இல் தாராளமாகக் கழித்தாலும் 0.360 கையில் மிஞ்சுகிறது. சராசரியை வேலி அவ்வளவாக ஊத வைப்பதில்லை.

ஆக, யார் எதை எடுப்பது

மாணவிக்கு பில்கோ. மைதானம், லீக், பிற்கால மேஜர் லீக் எண்கள் மூன்றையும் ஒப்பிடக் கையில் பிடி கிடைக்கும். பக்கத்தில் பாமனை ஒரு அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம். கதை வேண்டியவருக்கு ராபின்சன். அலுவலகத்தில் தோற்றவருக்கு ஒரு யோசனை: அடுத்த முறை "பெரிய" என்றால் என்ன பொருள் என்று முதலில் எதிராளியைச் சொல்ல வையுங்கள். 72 என்று அவர் ஆரம்பித்தால் படி எது என்று கேளுங்கள். 0.477 என்றால் எத்தனை வாய்ப்பு என்று கேளுங்கள். அவர் நேரே பில்கோ என்று சொல்லிவிட்டால் மட்டும் எழுந்து ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ரிக்லி ஃபீல்டின் கடைசி மேஜர் லீக் ஆட்டம் 1961 அக்டோபர் 1 அன்று நடந்தது. அதே பெயரில் மேஜர் லீக்கில் புதிதாய்ப் பிறந்த ஏஞ்சல்ஸ் குழு, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். மாற்று ஆளாக வந்த ஒருவர் பந்தை வேலிக்கு மேலே அனுப்பினார். அந்த மைதானத்தின் கடைசி ஹோம் ரன் அதுதான். அடித்தவர் ஸ்டீவ் பில்கோ.